நான் போட்ட மஞ்சள் கோடு

என்னங்க,

முழங்கால் வீக்கம் வற்றியதா? மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போடுங்கள். நான் நலம்.

ஒரு சின்ன விஷயம், பயப்படாதீர்கள். நான் ஓட்டும் பள்ளி வேனை நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினேன் என்று அபராதச் சீட்டு ஒட்டிவிட்டார்கள். அங்கே வண்டி நிறுத்தக் கூடாது என்று போட்டிருந்த மஞ்சள் கோடு பாதிக்கு மேல் அழிந்து கிடந்தது. கோடு எப்படி இருந்திருக்க வேண்டும் என்று மேல்முறையீட்டில் விளக்கிக் காட்ட, டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் போகாத வகுப்பறைப் பழக்கத்தில், விடுபட்ட கோட்டை மஞ்சள் சாக்பீஸால் நிரப்பிப் படமெடுத்து அனுப்பினேன்.

"கோடு இல்லைங்கறீங்க, படத்துல பளிச்சுனு தெரியுதே" என்றார் அதிகாரி. அது நான் சாக்பீஸால் போட்டது என்றேன், நம்பவில்லை. திரும்பப் படமெடுக்க ஓடினேன். அதற்குள் புது வண்ணமே அடித்துவிட்டார்கள்.

"டீச்சர், பையன் விடைத்தாள்ல நீங்களே விடை எழுதிட்டீங்களே" என்று வேன் பழுது பார்க்கும் மெக்கானிக் சிரிக்கிறார்.

வியாழக்கிழமை கடைசி விசாரணை. இது மூன்றாவது சீட்டு. தோற்றால் உரிமம் போகும், வேலையும் போகும். என்ன சொல்லிப் புரியவைப்பது என்றே தெரியவில்லை.

வேன் கண்ணாடி துடைக்க உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

பள்ளிப் பிள்ளைகள் வேனுக்குக் காத்திருப்பார்கள், கிளம்புகிறேன். நான் திடீரென்று வாசலில் வந்து நின்றால், ஏன் வந்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.