சம்பந்தியாரும் மொறிஸின் பிரேக்கும்

வாழைச்சேனை
14.03.1993

என் அன்பு மகள் நேசமலருக்கு அப்பா எழுதிக்கொள்வது,

நீயும் மருமகனும் வயிற்றிலிருக்கும் குட்டியும் சுகமாயிருக்க மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நாங்கள் சுகம். கறுப்புக் கோழி மட்டும் முட்டையிடுவதை நிறுத்திவிட்டது. காரணம் உனக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது என்று உன் கடிதத்தில் கண்டேன்.

உன் மாமனார் கொழும்புக்குத் திரும்பிச் சொன்ன கதையில் ஒரே ஒரு திருத்தம். கோழி அவருடைய மடியில் இருக்கவில்லை, தோளில்தான் இருந்தது. மற்றதெல்லாம் உண்மை. பஸ்ஸடியிலிருந்து அவரை ஏற்றிக்கொண்டு வரும் வழியெல்லாம் நம்முடைய மொறிஸ் காரைப் பற்றி வாய் ஓயாமல் புளுகியவன் நான்தான். வளவுக்குள் திருப்பிப் பிரேக்கை மிதித்தால் கால் தரைவரைக்கும் போய்விட்டது, காரும் போய்க்கொண்டே இருந்தது. உடுப்புக் கொடியை அறுத்து, கோழிக்கூட்டைக் கலைத்து, வைக்கோற் போரில் முட்டித்தான் நின்றது. சம்பந்தியார் அம்மாவின் சேலையைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு, "வாங்க, இதுதான் வீடு" என்றேன். வேறு என்னத்தைச் சொல்வது?

அன்று சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "தலைப்பிள்ளைக்கு மருமகள இஞ்ச அனுப்ப ஏலாது. இரவில வலி கண்டா மட்டக்களப்பு ஆசுப்பத்திரிக்கு இந்தக் காரிலயா கொண்டுபோவீங்க? வழியில எத்தின ஆமிச் சென்றி! நிக்காத காருக்கு என்ன நடக்கும்?" என்றார். என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். மறிக்கிற இடத்தில் நிற்காத காரை இந்த நாட்டில் யாரும் இரண்டாம் முறை கூப்பிடுவதில்லை. அதனால் நான் மீன் முள்ளை எடுத்தேன்.

இப்போது நீயும் அவர் பக்கம் சாய்ந்து, காரை விற்றுவிடுங்கள், நான் இங்கேயே பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். விற்கமாட்டேன். தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டில். உன் அம்மாவும் அவளுடைய அம்மாவும் அப்படித்தான். சண்டைக்கு நாங்கள் கொடுத்தது போதும். இந்த வழமையையும் தூக்கிக் கொடுக்க நான் தயாரில்லை.

ஆகவே பிரேக்கைப் பார்த்தேன். குழாய்க்குள் காற்று ஏறியிருந்தது. சந்தியில் கராஜ் வைத்திருந்தவர் கனடாவில் இருக்கிறார், அதனால் நானே இறங்கினேன். சில்லுக்குப் பின்னால் நிப்பிள் என்று ஒரு சின்ன ஆணி உண்டு. ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, மற்றவர் அதைக் கொஞ்சம் தளர்த்தினால் காற்று வெளியே வரும். மருமகன் தந்த பளபளப்பான ஸ்பனர் செட்டை எடுத்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. அவை மில்லிமீற்றர்க் கணக்கு, நம்முடைய கிழட்டுக் கார் அங்குலக் கணக்கு. மருமகனுக்கு இதைச் சொல்லாதே. பெரிய ஸ்பனரால் அம்மா இஞ்சி தட்டுகிறாள், அதற்கு நல்ல உதவி. பிறகு குறடால் பிடித்துத் திருகினேன். ஆணியின் மூலைகள் மழுங்கியதுதான் மிச்சம். காற்று வருவதைப் பார்க்க நிப்பிளில் சைக்கிள் ரியூப்பை மாட்டினேன். கறுப்பு ரப்பருக்குள் காற்று போகிறதா எண்ணெய் போகிறதா, யாருக்குத் தெரியும்? அம்மா காருக்குள் இருந்து மிதித்து மிதித்துக் களைத்து, "மறுகா என்ன, கோழிக்கூட்டையும் மிதிக்கட்டா?" என்று கேட்டாள்.

ஓட்டமாவடிக்குப் போனேன். ஓம், முத்தலிப்பிடம்தான். உன் கலியாணத்துக்குப் பந்தலுக்கு லைற் போட்டாரே, அந்த ஸ்பெயார்ஸ் கடை முத்தலிப். தொண்ணூறில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடுவில் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். இரண்டு ஊருக்கும் நடுவில் மதில் ஒன்றும் இல்லை, ஆனாலும் மூன்று வருடமாக எல்லாரும் மதில் இருப்பது போலத்தான் நடக்கிறார்கள். போகவேண்டாம் என்று இங்கே நாலு பேர் சொன்னார்கள். என் காருக்கு எங்கே சாமான் இருக்கிறதோ அங்கேதான் போவேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

கடைக்குள் நுழைந்ததும் முத்தலிப் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையில் இருந்த குறட்டைத்தான் பார்த்தார். "குறடால நிப்பிளப் பிடிச்ச ஆள இண்டைக்குத்தான் காணுறன். இது வேலியில ஆணி புடுங்கிற வேலையாகா? நோன்போட இரிக்கன் மச்சான், என்னப் பாவம் பண்ண வைக்காத" என்றார். நோன்பு பிடித்த வாயால் இவ்வளவு ஏசலாம் என்று எனக்கும் அன்றுதான் தெரியும். ஏசிக்கொண்டே அங்குலக் கணக்கில் ஒரு வளைய ஸ்பனரை எடுத்தார். வாய் திறந்த ஸ்பனர் ஆணியை இரண்டு பக்கம்தான் பிடிக்குமாம், வளையம் ஆறு பக்கமும் பிடிக்குமாம். சேலைன் ஏற்றுகிற குழாயில் ஒரு முழம் தந்தார். "கண்ணாடிபோல இரிக்கோணும். குமிழி வாறது நிண்டாத்தான் காத்து முடிஞ்சிற்று" என்றார். ஒரு ரின் பிரேக் ஒயிலும் வெறும் கண்ணாடிப் போத்தலும் சேர்த்தார்.

போத்தல், குழாய், ரின், ஸ்பனர் எல்லாம் ஒரே பையில். திரும்பும்போது சென்றியில் பையைக் கொட்டினால் எப்படி இருக்கும், நினைத்துப் பார். "மொகத மேக்க?", என்ன இது, என்று ஒரு ஆமிப் பெடியன் துவக்கைத் திருப்பினான். எனக்குத் தெரிந்த சிங்களம் அந்த நேரத்தில் என்னை விட்டு ஓடிவிட்டது. நடுறோட்டில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலால் காற்றை மிதித்து மிதித்துக் காட்டினேன், வாயால் கீச்சென்று சத்தமும் போட்டேன். கடைசியில் "பிரேக்! பிரேக்!" என்று அவன் சிரித்தான். "ஓம் ராசா, நீங்க மறிக்கிற இடத்தில நிக்கத்தான் இவ்வளவு பாடும்" என்று நல்ல தமிழில் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் காலையில் சைக்கிள் மணி கேட்டது. முத்தலிப். அந்த ஊரிலிருந்து இந்த ஒழுங்கைக்குள் மூன்று வருடத்துக்குப் பிறகு வந்த முதல் ஆள். வேலிக்கு மேலால் தலைகள் எழும்பின. அவர் எல்லாருக்கும் கேட்க, "குறடு பிடிச்சவனிட்ட நிப்பிள விட்டுட்டு எனக்கு நித்திர வரல்ல" என்று சொல்லிக்கொண்டு சாரத்தை மடித்துக் கட்டிக் கீழே படுத்தார். அம்மா பிரேக்கில். எனக்குக் கிடைத்த பதவி போத்தல் பிடிப்பது. தூரத்துச் சில்லிலிருந்து தொடங்கினோம். "அமத்துங்க தங்கச்சி, விடாதீங்க, நான் சொல்லுமட்டும் விடாதீங்க" என்று அவர் கத்த, அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அமத்தினாள். குழாயில் குமிழி குமிழியாக வந்து, கடைசியில் நின்றது. மிதிக்கட்டை கல்லுப் போல ஆகிவிட்டது.

பிறகு முத்தலிப் ஒழுங்கைக்கு நடுவில் போய்க் கையை உயர்த்திக்கொண்டு நின்றார். "வா மச்சான், வந்து நிப்பாட்டு!" என்றார். வந்தேன், நிப்பாட்டினேன். அவருடைய சாரத்துக்கும் காருக்கும் நடுவில் ஒரு சாண். வேலிக்கு மேலிருந்த தலைகளில் ஒன்று கைதட்டியது. சம்பந்தியாரிடம் இதை அப்படியே வாசித்துக் காட்டு. விருப்பமானால் அவரும் வந்து காருக்கு முன்னால் நிற்கலாம்.

சித்திரை பிறந்ததும் நீ புறப்படு. அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. அம்மா நீ சாய்ந்துகொண்டு போக, காரின் பின் சீட்டுக்குத் தலையணை தைக்கிறாள்.

அந்தத் தலையணையில் நீ சாயவேண்டாம் மகளே. கையை உயர்த்திக்கொண்டு நின்றது முத்தலிப்தான் என்று தெரிந்தும் அன்றைக்கு என் வலது கால் நடுங்கியது. எந்தச் சென்றியைக் கண்டாலும் அது நடுங்குகிறது. பிரேக்கில் இப்போது ஒரு குறையும் இல்லை. அம்மாவுக்கோ முத்தலிப்புக்கோ நான் இதைச் சொல்லவில்லை. ஆசுப்பத்திரிக்குப் போகும்போது நீ முன்னுக்கு, என் பக்கத்தில் இரு. நீ பக்கத்தில் இருந்தால் அந்தக் கால் நடுங்காமல் மிதிக்கும்.

அம்மன் உனக்குத் துணை நிற்கட்டும்.

உன் அப்பா,
க. அருமைநாயகம்