கறிவேப்பிலைச் சாடியில் ஆபிரிக்க மீன்

பியர்பொன்ட்ஸ், மொன்றியல்
மாசி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வினோஜனுக்கு,

இங்கே நான், சாதனா, மாமா மூவரும் சுகம். ஸ்காபரோவில் நீங்களும், உங்களுக்கு இடம் தந்த உருத்திரமூர்த்தி அண்ணை வீட்டாரும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் போனில் கதைக்கிற புருசனுக்கு இதென்ன கண்டறியாத கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் நீங்கள் ஸ்னோ வழித்தாச்சோ, காருக்கு ஒயில் மாத்தியாச்சோ என்று கேட்பீர்கள். நான் ஓம் என்பேன். அதற்கு மேலே கதைத்தால் சண்டைதான். எழுதினால் நடுவில் குறுக்கே விழ மாட்டீர்கள்.

முதலில் உங்கள் அப்பாவின் செய்தி. முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. குளிருக்குள் வெளியே போக வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா மாமா? இந்தக் குளிருக்கும் அவருடைய சாடிக் கறிவேப்பிலைக் கன்று இலை கொட்டாமல் நிற்கிறது. அந்த எடுப்பு தாங்க முடியவில்லை. கோயிலில் கண்டவர் எல்லோருக்கும் அந்தக் கதைதான். சாதனாவுக்குப் பள்ளிக்கூடத்தில் குறையொன்றுமில்லை. வீட்டிலும் பிரெஞ்சுதான் பேசுகிறாள். என்னோடு கோபம் வந்தால் மட்டும் தமிழ்.

இனி உங்கள் மீன் விசயம். ஆவணியில் நீங்கள் வெளிக்கிட முன், மீன்கள் எல்லாம் செத்த பிறகு, முட்டைகளை ஈரத் தேங்காய்த் தும்புத்தூளோடு பையில் கட்டி வைத்தீர்களே, அதைத் தபாலில் அனுப்பச் சொல்லிப் போன கிழமை கேட்டீர்கள். பேஸ்மென்ட் அலுமாரியைத் திறந்தால் பை இல்லை. தேடாத இடமில்லை. கடைசியில் மாமாவைக் கேட்டேன். அவர் வலு ஆறுதலாக, அந்தத் தும்புத்தூளோ பிள்ளை, நல்ல ஈரமாக் கிடந்தது, கண்டுக்குப் போட்டிட்டன் என்றார். கோதாரி! ஓடிப் போய்ப் பார்த்தால் சாடி நிறையப் பரப்பியிருக்கிறார். பக்கத்திலே புளித்த மோர் ஒரு செம்பு. கன்றுக்கு ஊற்ற எடுத்து வைத்தது. நல்ல காலம், இன்னும் ஊற்றவில்லை.

அது மீன் முட்டை மாமா என்றேன். தண்ணியில்லாமல் மீன் முட்டையோ, ஆரின்ர காதில பூச்சுத்துறாய் என்று கேட்டார். பிறகென்ன, நீங்கள் எனக்கு எத்தனையோ தரம் அலுக்க அலுக்கச் சொன்ன பாடத்தை நான் அவருக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. மொசாம்பிக்கில் புல்வெளிப் பள்ளங்களில் மழைக்குத் தேங்குகிற தண்ணீரில் சீவிக்கிற மீன் இது, நாலைந்து மாதத்தில் பள்ளம் வற்றிவிடும், மீன் முழுக்கச் சாகும், சேற்றுக்குள் முட்டை மட்டும் அடுத்த மழை வரை கிடக்கும் என்றேன். ஆண் சிவப்பும் நீலமுமாக மினுக்கிக்கொண்டு திரியும், பெண் வெறும் சாம்பல் நிறத்தில் இருக்கும் என்று சொன்னபோது, அதுவும் எங்கட வீடு மாதிரித்தான் என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மேல் மண்ணைக் கரண்டியால் வழித்துப் பேப்பரில் பரப்பினோம். மாமா பத்திரிகை வாசிக்கிற பூதக்கண்ணாடியால் பார்த்தேன். கடுகை விடச் சின்ன முட்டைக்குள்ளே இரண்டு கண்கள், சுற்றிவரப் பொன் வளையம். கண் தெரிந்தால் முட்டை மழைக்கு ஆயத்தம் என்று சொல்லியிருக்கிறீர்கள். வேறு சில முட்டைகளில் கண்ணே இல்லை.

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். அப்போதே வேறு பையில் கட்டி உங்களுக்கு அனுப்பியிருக்கலாம். பழுதில்லாமல் வந்து சேர்ந்திருக்கும். பெட்டியும் எடுத்து வைத்தேன். விலாசம் எழுதக் கை வரவில்லை. இங்கே உங்கள் வேலைத்தலத்தை மூடியதும், கொஞ்ச நாள் அங்கே வேலை பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் போனீர்கள். முதலில் குளிர்ச்சட்டை கேட்டீர்கள், அனுப்பினேன். பிறகு ஸ்பானர், சுத்தியல் வைக்கிற ஆயுதப் பெட்டி. பிறகு தலையணை. நத்தார் விடுமுறைக்கு வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. நாங்கள் வருவதா, நீங்கள் வருவதா என்று கேட்டால் பேந்து பாப்பம் என்கிறீர்கள். திரும்பி வருகிற எண்ணம் உள்ளவர் மீன் முட்டையைக் கேட்பாரா? அந்தப் பெட்டிக்கு முன்னால் இருந்து அழுதேன்.

மாமா பார்த்துக்கொண்டு நின்றார். வாளியை எடுத்துக்கொண்டு பின் வளவுக்குப் போய் ஸ்னோ அள்ளி வந்தார். குசினியில் வைத்து உருக்கினோம். முதல் மழை குளிர்ந்த தண்ணீர், அதில் உப்பு இருக்காது என்று நீங்கள் சொன்னது நினைவிருந்தது, குழாய்த் தண்ணீரை நான் நம்பவில்லை. தும்புத்தூளை ஐஸ்கிரீம் பெட்டியில் போட்டேன். இனித் தபாலில் அனுப்ப ஏலாது என்று தெரிந்துகொண்டுதான் தண்ணீரை ஊற்றினேன்.

இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு அவித்து இறக்கவில்லை, அதற்குள் குஞ்சுகள் வந்துவிட்டன. கண்மயிர் அளவு. சாதனா போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு றோசா கதவைத் தட்டினார். மீன் குஞ்சுக்கு நீச்சல் பழக்க வேணுமோ என்று எங்கள் சனம் கேட்கும். பழக்கத்தான் வேண்டும் போல, சிலது மேலே எழும்ப மாட்டாமல் அடியிலேயே வயிறு தேய அரைகிறது. மற்றவை துடியாகத் திரிகின்றன. பேணியில் நீங்கள் வைத்த இறால் முட்டையை உப்புத் தண்ணீரில் பொரிக்க வைத்து, பள்ளிக்கூடம் போக முன் சாதனாதான் தீன் கொடுக்கிறாள். கண் இல்லாத முட்டைகள் பொரிக்கவில்லை. முதல் மழை ஏமாற்றினாலும் வம்சம் அழியாமல் இருக்கச் சில முட்டைகள் பொறுத்திருக்கும் என்பீர்களே. அவற்றை வடித்து அலுமாரியில் வைத்துவிட்டேன். அவையும் தபாலில் வராது.

எனக்கு மொன்றியல்தான் வேண்டும் என்றில்லை. அங்கே வா என்றால் வீட்டை விற்றுப்போட்டு, மாமாவையும் அவருடைய கன்றையும் ஏற்றிக்கொண்டு வருவேன். இங்கே வாறன் என்றால் வேலை கிடைக்கும் வரை என் சம்பளத்தில் சமாளிப்போம். வேலை போனதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? இல்லை, வேறு ஏதும் காரணம் என்றால் அதையும் நேரில் சொல்லுங்கள். தாங்குவேன். இப்படிக் காத்திருக்கத்தான் என்னால் முடியவில்லை.

குஞ்சுகள் நிறம் பிடிக்க ஐந்தாறு கிழமை ஆகும். கோடை முடியும்போது ஒன்றும் மிஞ்சாது. முட்டை என்றால் அனுப்பலாம், குஞ்சை எப்படி அனுப்புவது? நீங்கள்தான் வர வேண்டும்.

வாற வழியில் கிங்ஸ்டன் பக்கம் றோட்டு வழுக்குதாம். மாமா சொல்லச் சொன்னார், மெதுவாக ஓட்டட்டாம். நானும் அதைத்தான் சொல்கிறேன். மெதுவாக ஓட்டுங்கள். ஆனால் வெளிக்கிடுங்கள்.

உங்களை எதிர்பார்க்கும்
நிருஷா