செவ்வாய்க்கிழமை மயக்கம்

திருமுல்லைவாயில்
14-9-71, செவ்வாய்

அன்பு மகள் நாகவல்லிக்கு, அம்மா பார்வதம் ஆசிகளுடன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஜபல்பூரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான் சுகம் என்று போன மூன்று கடிதத்திலும் எழுதினேனே, அது பொய். நாலைந்து மாதமாக எனக்கு அடிக்கடி தலை சுற்றுகிறது, குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. பயந்துவிடாதே, முழுக்கப் படி.

ஆடிச் செவ்வாய்க்குப் பக்கத்து வீட்டு வனஜாவோடு திருவேற்காடு போயிருந்தேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை, நல்ல கூட்டம், உடுக்கைச் சத்தம் வேறு. அப்படியே ஆடிச் சாய்ந்தேன். வனஜா உடனே, அத்தை மேல ஆத்தா வந்துகீறா என்று கத்தினாள். மஞ்சள் தண்ணீரை ஊற்றி, கையில் வேப்பிலையைத் திணித்து, ஆளாளுக்குக் காலில் விழுந்தார்கள். எனக்கு அது மயக்கம் என்று தெரியும், நாகு. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அடுத்த செவ்வாயிலிருந்து தெருப் பெண்கள் நம் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். பாய் விரிப்பேன், உட்காருவார்கள், அம்மா அம்மா என்பார்கள். அப்பாவும் போய், நீயும் கல்யாணமாகிப் போன பிறகு இந்த வீட்டில் என்னை அப்படிக் கூப்பிட யார் இருக்கிறார்கள் சொல். சில நாள் தானாகவே தலை சுற்றும், சுற்றாத நாள் நானே கொஞ்சம் ஆடினேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

பால் ஊற்றும் குப்பம்மாவுக்கும் தலைசுற்றல். எனக்கு வருவது போலத்தான் அவளுக்கும் என்று நினைத்து, விபூதி பூசி, எல்லாம் சரியாகிவிடும் போ என்றேன். பாவி மகள், அதை நம்பி ஆஸ்பத்திரியில் கொடுத்த பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டாள். பத்தாம் நாள் மாட்டுத் தொட்டி மேலேயே விழுந்தாள், நெற்றியில் ஆறு தையல். ஐயோ, எனக்கு உயிரே போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க ஓடினேன். அங்கிருந்த டாக்டரம்மா என் முகம் வெளுத்திருப்பதைக் கண்டு, குப்பம்மாவை விட்டுவிட்டு என் கண் இமையை இழுத்துப் பார்த்தார். தலைசுற்றலுக்கு ஒரே காரணம் இல்லையாம். பிரஷரும் இருக்கலாம், சர்க்கரையும் இருக்கலாம், காதுக்குள் கோளாறும் இருக்கலாம், பரிசோதிக்காமல் யாரும் சொல்ல முடியாதாம். எனக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், பாதிதான் இருக்கிறதாம். இந்த வயசில் மாத விலக்கு தாறுமாறாகி, பதினைந்து நாளைக்கொரு தரம் கொட்டிக் கொட்டி வந்த வினை. போதாததற்கு ஒரு ஆளுக்கு என்ன சமையல் என்று ஒரு வேளைதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதற்கும் நன்றாகத் திட்டு வாங்கினேன்.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து குப்பம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்போ எனுக்கு சொன்னது இன்னா என்று ஒரே கேள்வி கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து வனஜாவிடமும் சொன்னேன். ஒரே நாளில் தெரு முழுக்கப் பரவிவிட்டது. இப்போது யாரும் வருவதில்லை. வனஜா தண்ணீர்க் குழாயில் என்னைப் பார்த்தால் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். நியாயம்தான். ஆனாலும் இன்றைக்குச் செவ்வாய் என்று விடியற்காலையிலேயே பாயை விரித்துவிட்டு, பிறகு நானே சுருட்டி வைத்தேன்.

இரும்புச்சத்து மாத்திரையும் முருங்கைக்கீரையும் சாப்பிடுகிறேன், மயக்கம் குறைந்திருக்கிறது. குப்பம்மா போன வாரம் திரும்பப் பால் ஊற்ற வந்தாள். பேசமாட்டாள், பாலை ஊற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். தினமும் நான்தான், மாத்திரை போட்டாயா குப்பம்மா என்று முதுகைப் பார்த்துக் கேட்பேன். இன்றைக்குக் கேட்டதும் நின்றாள். போட்டேன், நீ போட்டியா என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, போய்விட்டாள். அந்த ஒரு வார்த்தைக்கு அழுதுவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளையிடம் ரத்தக்குறைவு என்று மட்டும் சொல், மற்றது உன்னோடு இருக்கட்டும். உனக்கு எப்போதாவது தலை சுற்றினால் மறைக்காதே, உடனே டாக்டரிடம் காட்டு. வேளைக்குச் சாப்பிடு. தீபாவளிக்கு முடிந்தால் வா, வர முடியாவிட்டால் கடிதத்தில் அம்மா என்று இரண்டு இடத்தில் கூடுதலாக எழுது. நீங்கள் மூவரும் நீடூழி வாழ வேண்டும்.

உன் அம்மா,
பார்வதம்