முன்னுரையில் ஒருவர்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். உங்கள் கண் ஆபரேஷன் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனதாக டைப்பிஸ்ட் சொன்னார். சொட்டுமருந்தை நேரத்துக்கு விடுங்கள். பிழைதிருத்தும் அறையில் உங்கள் மேஜை இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.

உங்கள் புத்தகம் வந்தது. நீங்கள் அனுப்பவில்லை, நம் பத்திரிகை ஆசிரியர்தான் என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். அக்கா எப்படி எழுதியிருக்காங்க பாரு, படிச்சுக் கத்துக்கோ என்றார்.

ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரை ஆங்கிலத்தில் ‘ஹீ’ (அவன்) என்றே நம் அறையில் திருத்திவந்தோம். ‘தே’ (அவர்கள்) என்றே எழுதலாம், அது ஒற்றை ஆளுக்கும் பொருந்தும் என்று நான் சொன்னபோது, ஒரு ஆளுக்கு எதுக்கும்மா கூட்டத்தையே கூட்டுற என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தவர் நீங்கள். நானும்தான் சிரித்தேன். அதன்பிறகு ஆறு வருடம், சாப்பாட்டு இடைவேளையில் பழைய நாவல்களைப் புரட்டி, உதாரணங்களைச் சீட்டுகளில் எழுதி ஒரு செருப்புப் பெட்டியில் சேர்த்தேன்.

சீட்டின் மூலையில் எழுதியவரின் குறி இருக்க வேண்டும் என்பது நம் அறை வழக்கம். மூத்தவர் குறி இருந்தால்தான் ஆசிரியர் திரும்பிப் பார்ப்பார் என்று எல்லாச் சீட்டிலும் உங்கள் குறியான சிவப்பு வட்டத்தைப் போட்டேன். என் மடத்தனத்தை என்ன சொல்ல. நீங்கள் ஊர் மாறிப் போகும்போது, பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறேன் என்று கேட்டீர்கள். பஸ் ஜன்னல் வழியாக நானே பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். இப்போது நான் வாய் திறந்தால் யார் நம்புவார்கள்?

புத்தகம் முழுக்க என் சீட்டுகள்தான். உங்கள் ஆங்கில முன்னுரையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பெயர் வெளியே தெரிவதை விரும்பாத ஒரு சக ஊழியர் சில உதாரணங்கள் தேடித் தந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியில் அந்த ஆள் வெறும் ‘தே’. விரும்பவில்லை என்று நான் எப்போது சொன்னேன் அக்கா? யாரும் விட்டுப்போகக் கூடாது என்று நான் மல்லுக்கு நின்ற சொல் அது. அதற்குப் பின்னாலேயே என்னை ஒளித்துவிட்டீர்கள். கூடப் பிறந்தவளாக நினைத்திருந்தேன். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டீர்கள்.

சண்டைக்கு வரமாட்டேன். உங்கள் கண் நல்லபடியாகத் தெளியட்டும், மனதாரத்தான் சொல்கிறேன். கட்டைப் பிரித்ததும் முதலில் அந்தப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். நான் அங்கே தெரிகிறேனா என்று ஒரு வரி எழுதுங்கள்.

‘உங்கள் தங்கை’ என்று முடிக்கக் கை வரவில்லை.

இப்படிக்கு,
பக்கத்து மேஜைக்காரி