ரோட்டோரத் தென்னையில் மாட்டிய மாலத்தீவுப் படம்

வடக்கனந்தல்
புரட்டாசி 12, 1987

அன்பு மகன் தனசேகரனுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை செவ்வந்தி எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, மாடு கன்று எல்லோரும் நலம். மாலத்தீவில் நீயும் உன் வயிறும் நலமா என்று எழுதவும்.

லாட்ஜ் சுவரில் அந்த ஊர்க் கதைகளை வரைகிறாய் என்பதில் சந்தோஷம், அதில் ஒன்றைத் துணியில் வரைந்து அனுப்பினாயே, அதுதான் இங்கே வினையாகிவிட்டது. ஆதியில் அந்தத் தீவுக்குப் போனவர்கள் கொத்துக் கொத்தாய்ச் செத்ததும், ஒரு மந்திரவாதி அவர்கள் மண்டையோட்டிலிருந்து தென்னையை முளைக்க வைத்ததும் நல்ல கதைதான், ஆனால் மண்டையோட்டுக்கு அவ்வளவு பல் எதற்கு? உன் அம்மா பார்த்துவிட்டு, இத்த வூட்டுல மாட்டுனா நான் எங்க அண்ணன் வூட்டுக்குப் போய்க்கினே இருப்பேன் என்றாள். சரி, திருஷ்டிக்காவது ஆகட்டும் என்று ரோட்டோரத் தென்னையில் கட்டினேன், நீ மூன்றாம் வகுப்பில் தோற்ற வருஷம் ஆனி மாசம் வெள்ளிக்கிழமை வைத்த கன்று அது. மறுவாரம் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல், நானும் விடிந்ததிலிருந்து ரோட்டில்தான் உட்கார்ந்திருந்தேன், நாளைக்குப் பேரப்பிள்ளைகள் படிக்க வேண்டாமா. ஆனால் உன் சித்தப்பா மகன் இருசப்பன், ரோட்டுக்குக் குறுக்கே போட மரம் தேடிக் கோடாலியோடு நம் தென்னைக்கே போய்விட்டான். பதறி ஓடினால் படத்துக்கு முன்னால் வாயைத் திறந்தபடி நிற்கிறான். இன்னா பெரியப்பா இது, என்றான். செத்தவன் மண்டையிலருந்து மொளச்ச மரம்டா, என்றேன். எனக்கு மறதி வராது, அன்றைக்கு வந்தது, அது எந்த ஊர் மரம் என்று சொல்ல மறந்துவிட்டேன். கோடாலியைப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். வேலிக்கருவையை வெட்டிப் போட்டோம், மறியலும் குறைவில்லாமல் நடந்தது.

மரம் பிழைத்தது, நான் மாட்டிக்கொண்டேன். மரமேறி கண்ணாயிரம் ஏற மாட்டேன் என்கிறான், தானாக விழுகிற காயையும் ஒருத்தரும் தொடுவதில்லை. நேற்று மலைமேல் கரியாலூரிலிருந்து ஒரு குடும்பம் சேவலோடு இறங்கி மரத்தடியில் பொங்கல் வைத்தது. இப்போது உண்மையைச் சொன்னால், சாமி விஷயத்துல உனக்கு இன்னா தெரியும் பெருசு, சும்மா இரு என்கிறார்கள். மரத்தில் நூறு காய் தொங்க, உன் அம்மா கள்ளக்குறிச்சியில் காய் வாங்கி வந்து, ஒவ்வொன்றையும் என் முகத்துக்கு நேரே உடைக்கிறாள்.

ஆகவே உடனே இன்னொரு படம் வரை. அந்தக் கதையில் பிழைத்தவர்கள் இளநீர் பறித்துக் குடித்திருப்பார்கள் இல்லையா, அந்தக் கட்டம். குடிக்கிறவன் சிரிக்க வேண்டும், பல் கம்மியாகப் போடு. முகம் இருசப்பன் சாடையில் இருந்தால் உத்தமம்.

கடலில் குளித்தால் தலையைத் துவட்டு. நம் தென்னையைப் போல எந்தக் கோடாலிக்கும் தப்பி நீ நீடூழி வாழ வேண்டும். படம் தீபாவளிக்கு முன்னால் வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா சுப்புராயன்
(இடது பெருவிரல் ரேகை)