நீ இடித்த சுவர்

மச்சாள்,

அலுமாரியின் அடித்தட்டைத் திறந்தால் இன்னும் புதுத் துணி மணம்தான். பூச்சி உருண்டை போட்டும் போகவில்லை. ஒரு சுருள் கறுப்புத் துணி, வெட்டுப்படாமல் அப்படியே கிடக்கிறது. காலையில் அதை எடுத்துக் கதிரையில் வைத்தேன். திரும்ப உள்ளே வைத்தேன். மறுபடியும் எடுத்தேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குள் இப்படி உலாத்துகிறவளைக் கண்டால் நீ சும்மா இருக்கமாட்டாய். "ஒரு இடத்தில இரு கா, பாக்கிற எனக்குத் தலை சுத்துது" என்பாய்.

உன் மகளுக்குக் கலியாணம் சரிவந்துவிட்டது. நல்ல இடம். நம் வழக்கப்படி உன் வவுணதீவு வீடு சீதனமாக அவளுக்குப் போகிறது. சிக்கலும் அங்கேதான். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டு, "நடுவில சுவர் இல்லாத வீட்டில எப்பிடிக் குடும்பம் நடத்துற?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்டதிலும் பிழையில்லை. மேசனுக்குச் சொல்லியாயிற்று, நாளைக்கு வருகிறான்.

அந்தச் சுவரை நீ இடித்தது சமாதானக் காலத்தில். வாவிக்கு இந்தப் பக்கம் ஆமி, அந்தப் பக்கம் இயக்கம் என்று இருந்த ஊரில் பாதை கொஞ்சம் திறந்திருந்த நேரம். உன் புருஷன், என் அண்ணன், முற்றத்தில் நின்று கத்தினார். நீ அலவாங்கைக் கீழே வைக்காமலே சொன்னாய்: "வீடு என்ட அம்மா எனக்குத் தந்தது. சுவரும் அதுக்குள்ளதான்." தூசி அடங்குமுன் தையல் மெசின்கள் வந்து இறங்கின. அந்தப் பக்கத்துப் படுவான்கரைப் பெண்கள் பள்ளிச் சீருடையும் வருஷப் பிறப்புக்கான உடுப்பும் தைத்தார்கள். இந்தப் பக்கத்து எங்கள் எழுவான்கரைக் கடைகள் வாங்கின.

நான் அப்போது வகுப்பில் இங்கிலாந்தில் ஆலைகள் எழுந்த கதையைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பஞ்சு கடல் தாண்டி வந்தது, துணி கடல் தாண்டிப் போனது, நடுவில் ஆலைகள் பெருத்தன. அதை உன்னிடம் வாய்விட்டுச் சொன்னதுதான் என் பிழை.

"பாத்தியா? போக்குவரத்துத் திறந்தா ஆலை தானா வரும்" என்று பிடித்துக்கொண்டாய்.

"தானா ஒண்டும் வரல்ல. அவங்கட கப்பலுக்குப் பின்னால பீரங்கி நிண்டது. அதுக்கு முதல் வெளித்துணி ஊருக்குள்ள வராமச் சட்டமும் போட்டவங்க. உனக்கு ஆர் சட்டம் போடுற? நாளைக்குப் பாதையை மூடினா வாங்க ஆளிரிக்குமா?"

நீ நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாய். "றோட்டுத் திறந்துதானே கிடக்கு" என்றாய். உன்னோடு வாதாடுவது செவிடன் காதில் ஊதிய சங்கு.

பிறகு கடல் ஊருக்குள் ஏறி வந்தது. நான் ஈர உடுப்போடு பள்ளிக்கூட மண்டபத்தில் நின்றேன். நீ வள்ளத்தில் வாவியைக் கடந்து, விற்கத் தைத்து வைத்திருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தாய். எனக்கு ஒரு சட்டை தந்தாய், கழுத்து இறுக்கம். அதைப் போட்டுக்கொண்டுதான், அன்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அண்ணனைத் தேடினேன். கிடைக்கவில்லை.

அதன்பின் உலகம் முழுதும் உடுப்பு அனுப்பியது. கம்பளித் தொப்பி, குளிர்க் கோட்டு, எல்லாம் இந்த வெயிலுக்கு. சும்மா கிடைக்கும்போது உன் உடுப்பை யார் வாங்குவார்? உன் மெசின்கள் நின்றுபோயின. துக்கத்துக்குள்ளும் எனக்கு வாய் அடங்கவில்லை. "இதைத்தான் சொன்னனான், வெளித்துணி வந்து விழுந்தா உள்ளூர்த் தையல் படுத்திடும்" என்றேன். "அப்ப என்ன செய்யட்டும்? கோட்டுக்கு வரி போடட்டா?" என்றாய். அலைக்குப் பிறகு நான் சிரித்தது அன்றுதான்.

"சும்மா குடுக்கிறவன் போகாத இடத்துக்கு விக்கப் போறன்" என்று நீ காத்தான்குடிக்குப் போனாய். துணிக்கடை முதலாளி ஒருவர் கறுப்புத் துணி தந்தார். நீங்கள் அபாயா அங்கி தைத்துக் கொடுக்க, அவர் வளைகுடாவிலிருந்த தம்பியின் கடைக்கு அனுப்பினார். துணி எந்த நாட்டிலோ நெய்தது, உடுத்தியவர்கள் எந்த ஊரோ. தைத்தது மட்டும் உன் சுவரில்லாத வீடு. அந்த நாட்களில் உன் நடையே வேறு. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

சண்டை திரும்பியது. சோதனைச் சாவடியில் முதலில் மூட்டையை அவிழ்த்தார்கள், பிறகு பாதையையே மூடினார்கள். செல் குண்டு விழத் தொடங்கியதும் சனத்தோடு சனமாக நீயும் இக்கரை வந்தாய். சைக்கிளில் மெசின் தலையும் முதலாளியின் மிச்சத் துணியும், பின்னால் உன் மகளும். அகதி முகாம் கூடாரத்துக்குள் காய்ச்சலோடு தைத்தாய். நான் துணியைப் பறித்தேன்.

"விடு கா. இது அவர்ட துணி. முடிச்சுக் குடுத்தாத்தான் றோட்டுத் திறந்த மறுகா திரும்பி வருவார்."

முடித்தாய். அந்தக் காய்ச்சல்தான் உன்னைக் கொண்டுபோனது. அங்கிகளை நான் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தேன். முதலாளி ஒவ்வொன்றையும் விரித்துத் தையலைத் தடவிப் பார்த்தார். சண்டை முடிந்த பிறகு ஒருநாள் என் வாசலுக்கு வந்து இந்தச் சுருளை வைத்தார். "அவ சொன்னபடி தந்திட்டுப் போனா தங்கச்சி. தைக்க ஆள் கிடைச்சாச் சொல்லுங்க." கிடைக்கவில்லை. உன்னோடு தைத்த பெண்கள் வெளிநாட்டு வீடுகளுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். பிறகு பெரிய ஆலை ஒன்று வெளியிலிருந்து வந்தது. உன் மகள் பஸ்ஸேறிப் போய் நாள் முழுதும் கொலர் மட்டும் தைக்கிறாள்.

இவ்வளவையும் எழுதி வைத்துவிட்டு, பின்னேரம் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு பாலம் தாண்டி உன் வீட்டுக்குப் போனேன். கலியாணப் பெண்ணுக்கு அம்மாவின் பொருள், கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவள் துணியை விரித்து, சுவரில்லாத அந்த நீள மண்டபத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, இதைத் தைச்சா வாங்க ஆளிரிக்குமா?"

அது என் கேள்வி. ஆனால் என் வாயில் வந்தது உன் பதில்.

"றோட்டுத் திறந்துதானே கிடக்கு."

அவள் எழுந்துபோய் மேசனுக்கு ஃபோன் எடுத்தாள். "நாளைக்கு வர வேணாம் அண்ணன்" என்றாள். மாப்பிள்ளை வீட்டாரிடம் தானே பேசுகிறாளாம். உன் பிள்ளை.

அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, மச்சாள். ஒரு வார்த்தையால் ஒரு கலியாணத்தையே குழப்பிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு நாளைக்கும் லீவு. காலையில் முதல் பஸ்ஸில் காத்தான்குடிக்குப் போகிறேன். முதலாளி இருக்கிறாரோ தெரியாது, கடை இருக்கிறது. வாங்க ஆளிருக்கா என்று இந்த முறை நான்தான் போய்க் கேட்க வேண்டும்.