பின்பக்கம் மை போட்ட படம்

தென்னூர், திருச்சி - 17
16.2.2025

ஜெய்சங்கருக்கு,

பதினோரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். ‘அன்புள்ள’ என்று தொடங்கவில்லை, கவனித்திருப்பாய். உனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். அதைச் சொல்ல என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

உன்னுடைய ‘குடம்’ கண்காட்சியை டெல்லிப் பரிசுக் குழு இறுதிப் பட்டியலில் சேர்த்துவிட்டு, பிறகு நிறுத்தி வைத்ததற்குக் காரணம் ஒரு மொட்டைக் கடிதம். அமைப்பு முழுவதும் திருடப்பட்டது என்று அதில் எழுதியிருந்தது. கூடவே ஒரு படத்தின் நகல். நான்கு பக்கமும் படிக்கட்டு இறங்கி, ஸ்வஸ்திக் போல மடங்கும் திருவெள்ளறைக் கிணற்றை நான் இருபத்திரண்டு வருடம் முன்பு வரைந்து, நம் அலுவலகச் சுவரில் சட்டம் போட்டு மாட்டிய அதே படம். நீ ஊகித்திருப்பாய். எழுதியவன் நான்தான்.

எழுதும்போது எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை, குற்ற உணர்வும் இருக்கவில்லை. என்னிடம் காரணங்கள் இருந்தன. நம் கூட்டு டிசைன் தொழிலை விட்டுப் பெங்களூர் போன நீ, அலுவலகச் சாவியை என் கையில் தராமல் எதிர் டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போனாய். என் மனைவி பிரேமலதாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது ஆள் வரவில்லை, பூங்கொத்து வந்தது. போன வருடம் ஒரு பேட்டியில், கற்பனை எங்கிருந்து கிடைக்கிறது என்று கேட்டதற்கு, “ஒரு நண்பனோடு பஸ் ஏறிப் போய்ப் பார்த்த ஒரு கிணற்றிலிருந்து” என்றாய். ஒரு நண்பன்! பெயரைச் சொன்னால் நாக்கு தேய்ந்துவிடுமா? அந்தப் பத்திரிகையை நான் கிழிக்கவில்லை. பத்திரமாக வைத்திருக்கிறேன். வன்மத்துக்கும் ஆதாரம் வேண்டும் அல்லவா.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். நீ போன நாளிலிருந்து நான் எந்தக் கண்காட்சிக்கும் போகவில்லை. அடுத்தவன் வேலையைப் பார்த்தால் கை கெட்டுவிடும் என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன். அதன் பலன், ஸ்வீட் பெட்டியா, கல்யாணப் பத்திரிகையா, நகைக்கடைப் பையா, நான் வரைகிற எல்லாவற்றிலும் ஒரே மலைக்கோட்டைப் படம். தீபாவளிக்கு ஒரு கடைக்காரர் போன் செய்தார். “சார், போன வருஷப் பெட்டியையே மறுபடி அனுப்பிட்டீங்க.” அது புதுப் பெட்டி.

உன் கண்காட்சி ஸ்ரீரங்கத்துக்கு வந்ததும், அம்மா மண்டபம் சாலைக் கல்யாண மண்டபத்துக்குப் போனேன். ரசிக்க அல்ல, குழுவுக்கு இன்னும் வலுவான ஆதாரம் தேட.

நான்கு வாசல். வயலுக்குப் போன மண் கலயம் ஒரு வழி, கோயிலுக்குப் போன வெள்ளிக் குடம் ஒரு வழி, ஆலை ஷிஃப்டுக்குப் போன தகரக் கேன், குழாயடி வரிசையில் நின்ற பிளாஸ்டிக் குடம். நான் பிளாஸ்டிக் குடத்தின் வழியில் போனேன். ஒவ்வொரு வழியும் ஓரிடத்தில் மடங்குகிறது. அடுத்த வழியில் போகிறவர் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்கிறது. கடைசியில் நடுவில் ஒரு அண்டா நிறையத் தண்ணீர். விளக்கப் பலகை கூட வைக்கவில்லை நீ. அந்த இடத்தில் நான்கு பக்கத்திலிருந்தும் வந்தவர்கள் திடீரென்று ஒருவரையொருவர் பார்த்துத் திகைத்து நின்றார்கள். எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மாள், ரெங்கநாயகியாம், கணவரைப் பிடித்துக்கொண்டாள். “எங்கே போயிட்டேள்? அரை மணியாத் தேடறேன்!” அவர் நிதானமாகச் சொன்னார், “நான் எங்கேடீ போனேன்? உன் பக்கத்திலேயேதான் வந்திண்டிருந்தேன், சுவருக்கு அந்தண்டை.” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் அங்கிருந்து நகரவும் முடியவில்லை. இரண்டாம் முறை கோயில் வழியாகவும், மூன்றாம் முறை வயல் வழியாகவும் வந்தேன். என் படத்தில் இந்தத் திகைப்பு கிடையாது. அதில் மனிதர்களே கிடையாது.

வாசலில் கண்காட்சியின் தரை வரைபடம் மாட்டியிருந்தது. போனில் இருந்த என் படத்தை அதனருகில் பிடித்தேன். வழி மடங்கும் இடங்கள் எல்லாம் நேரெதிராக இருந்தன, கண்ணாடியில் பார்ப்பதுபோல. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திருடன் அடையாளம் தெரியாமலிருக்கத் திருப்பிப் போட்டிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். மறுநாள் காலை சட்டத்தைப் பிரித்து, இரண்டு பக்கமும் கோடு தெரிகிற அந்த அசல் டிரேசிங் ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு, சத்திரம் பஸ் நிலையத்தில் திருவெள்ளறை பஸ் ஏறினேன். கிணற்றோடு ஒப்பிட்டுப் படமெடுத்து அனுப்பினால் உன் கதை முடிந்தது.

கிணற்றுமேட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தங்கையன் என்பவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்னங்க, கவர்மெண்டா?” இல்லை என்றேன். “அப்ப எதுக்குங்க இந்த வெயில்ல பேப்பரும் கையுமா?” ஷீட்டை விரித்துப் பிடித்தேன். பொருந்தவில்லை. கிணற்றைச் சுற்றி நான்கு பக்கமும் நின்று பிடித்தேன். எங்கும் பொருந்தவில்லை. கிணறுதான் தப்பு என்று ஒரு நிமிடம் நினைத்தேன். என்னை உனக்குத் தெரியுமே.

தங்கையன்தான் சொன்னார், “தாளைத் திருப்பிப் பிடிச்சுப் பாருங்க சார்.”

திருப்பினேன். ஒவ்வொரு படியும் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

என்ன நடந்தது என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன், ஒப்புக்கொண்டதாக இருக்கட்டும். பென்சில் கோட்டை அழிக்கும்போது மை கலையக் கூடாது என்று ஷீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் மை போடுவது நாம் கற்ற பழக்கம். போட்ட பிறகு நேர்ப்பக்கம் வெளியே தெரிய மாட்ட வேண்டும். நானோ மை பளபளவென்று தெரிகிற பக்கத்தை வெளியே வைத்து மாட்டிவிட்டேன். இருபத்திரண்டு வருடம் இடவலம் மாறிய கிணற்றைப் பார்த்து மார்தட்டியிருக்கிறேன். அந்தச் சுவரிலிருந்து நீ திருடியிருந்தால் என் தப்பையும் சேர்த்துத் திருடியிருப்பாய்.

அதோடு முடியவில்லை. பென்சில் பக்கத்தை நான் அழிக்கவே இல்லை. நான்கு படிக்கட்டிலும் சின்னச் சின்ன வட்டம். பக்கத்தில் உன் கோழிக் கிறுக்கல்: “இங்கேருந்து நீ தெரியல. சத்தம் மட்டும் கேக்குது. நாலு பேர நாலு வழியா உள்ள விட்டா?”

அன்று நான் மேலே உட்கார்ந்து வரைந்தபோது நீ ஒவ்வொரு படியாக இறங்கி ஏறி, “தெரியுறேனாடா? இப்ப?” என்று கத்திக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. வரைய விடாமல் தொந்தரவு செய்கிறாய் என்றுதான் அப்போது எரிச்சல்பட்டேன். மை போடும்போதும் இந்த எழுத்து எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பார்த்திருப்பேன். உன் கிறுக்கல்தானே என்று விட்டிருப்பேன். வடிவம் கிணறு வெட்டியவனுடையது, யோசனை உன்னுடையது. மை மட்டும்தான் என்னுடையது.

ஆகவே டெல்லிக் குழுவுக்கு நேற்று ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்பிவிட்டேன். ஷீட்டின் இரண்டு பக்கத்தின் நகலும் வைத்து, முதல் கடிதம் என்னுடையது, அது பொய், எனக்கே தெரியாத பொய் என்று எழுதி, முழுப் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் போட்டிருக்கிறேன். மொட்டைக் கடிதத்தை இன்னொரு மொட்டைக் கடிதத்தால் திரும்பப் பெற முடியாது. அவர்கள் இருபத்து நான்காம் தேதி கூடுகிறார்கள். நம் ஊர்த் தொழில்காரர்கள் காதுக்கும் போகும். சிரிக்கட்டும். பரிசு உனக்குக் கிடைக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த அண்டா நன்றாக இருக்கிறது.

மற்ற குற்றச்சாட்டுகள் அப்படியே நிற்கின்றன. டீக்கடைச் சாவியையும் பூங்கொத்தையும் நான் மன்னிக்கவில்லை.

பிரேமலதா நலம். இப்போது மாடிப்படி ஏறுகிறாள். நான் மூன்று நாளாகத் தரையில் தாளைப் பரப்பி வரைந்துகொண்டிருப்பதைப் பார்த்து, “என்ன, மலைக்கோட்டைக்கு லீவா?” என்கிறாள். என்ன வரைகிறேன் என்று இப்போது சொல்லமாட்டேன்.

மாதக் கடைசியில் கண்காட்சியைப் பிரிக்கும்போது நீ ஸ்ரீரங்கம் வருவாய் என்று வாசலில் இருந்த பெண் சொன்னாள். வந்தால், மறுநாள் காலை எட்டு மணிக்குத் திருவெள்ளறைக்கு வா. வெயில் ஏறும் முன் இறங்கிவிடலாம். நான்கு படிக்கட்டில் ஏதோ ஒன்றில் நான் உட்கார்ந்திருப்பேன். எந்தப் படி என்று சொல்லமாட்டேன். குரல் கொடு, போதும்.

தூரத்தில் இருக்கிறாய், உடம்பைப் பார்த்துக்கொள். கண் கெடாமல் இரு. உன் கண் நல்ல கண்.

“டெல்லிக்கு அவ்வளவு பெரிசாக் கையெழுத்துப் போட்டீங்க, இதிலயும் போடுங்களேன்” என்று பிரேமலதா பக்கத்தில் நின்று சொல்கிறாள். மாட்டேன். நீ பேட்டியில் பெயர் சொல்லாமல் ‘ஒரு நண்பன்’ என்று மட்டும் சொன்னாய். அதற்கு மேல் ஒரு பெயர் எனக்கு இப்போது தேவைப்படவில்லை. கையெழுத்தில்லாமலே தபாலில் போடப் போகிறேன்.